ஆங்கில வினையும் அதன் சிறு துணைகளும்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவர் அதன் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சுவது இயல்பு. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அவ்வச்சம் பெரும்பாலும் இடந்தவறிய அச்சமாகும். நீண்ட சொற்கள் பலவற்றுக்கு ஒன்றிரண்டு பொருள்களே உண்டு. அகராதியைத் திறந்தால் அவை அகப்பட்டுவிடும். கற்பவரை உண்மையில் தடுமாற வைப்பன அப், டவுண், இன், அவுற், ஒன், ஒஃப் என்னும் சின்னஞ்சிறு சொற்களே. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இவ்விரண்டையும் பள்ளிச் சிறுவன் முதலாண்டிலேயே கற்றுக்கொள்கிறான். ஆனால், இரண்டும் இணைந்து 'கிவ் அப்' என்றாகும்போது அங்கே கொடுத்தலும் இல்லை, மேலும் இல்லை. 'கைவிடு' என்னும் புதுப்பொருள் பிறக்கின்றது. இவ்வாறு ஒரு வினைச்சொல்லோடு வினையடையோ, முன்னிடைச்சொல்லோ, சில வேளைகளில் இரண்டுமோ கூடி, ஒரே வினைபோல நின்று பொருள் தரும் தொடரை ஆங்கில இலக்கணகாரர் 'பிறேசல் வேர்ப்' என்பர். தமிழில் அதனைத் தொடர்வினை எனலாம்.

இஃது இலக்கண ஆசிரியர்க்கு மட்டும் உரிய நுட்பமன்று. அன்றாட வாழ்வோடு பிணைந்தது. இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குத் தொழில் நாடிச் செல்லும் ஒரு தமிழ் வைத்தியரை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவ நூல்களின் ஆங்கிலம் அவர்க்குக் கைவந்தது. கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து பிறந்த நோய்ப் பெயர்களையெல்லாம் அவர் தடையின்றிக் கூறுவார். ஆனால் நோயாளி அம்மொழியில் பேசுவதில்லை. வாந்தி எடுத்ததைச் சொல்ல அவர் 'த்ரோ அப்' என்பார். திடீரெனத் தலை சுற்றியதை 'கேம் ஓவர் டிஸி' என்பார். முதுகு மீண்டும் தொல்லை தருகிறது என்பதற்கு 'பிளேயிங் அப்' என்பார். வீக்கம் வற்றினால் அது 'கோண் டவுண்'. மருந்தின் வேகம் மெல்ல மெல்லத் தணிந்தால் அது 'வெயர் ஒஃப்'. எறிதலும் விளையாடுதலும் அணிதலும் நோய்ப்படுக்கையில் என்ன செய்கின்றன என்று வந்தவர் திகைப்பது இயற்கையே.

வைத்தியர் நோயாளிக்குச் சொல்வதிலும் இதே நிலைதான். உப்பைக் 'கற் டவுண்' செய்க என்றால் குறைத்துக்கொள்க என்பது பொருள். 'கற் அவுற்' செய்க என்றால் அறவே ஒழிக்க என்பது பொருள். வெட்டு என்னும் வினை இரண்டிலும் ஒன்றே. பத்தியத்தின் அளவை முடிவு செய்வது அதன் பின்னால் வரும் சிறுசொல். இதனினும் கூர்மையான சோடி ஒன்று உண்டு. 'பாஸ் அவுற்' என்றால் மயங்கி விழுதல். 'பாஸ் அவே' என்றால் காலமாதல். தொலைபேசியில் செய்தி கேட்கும் உறவினர் ஒருவருக்கு இவ்விரு சிறுசொற்களின் வேறுபாடு மயக்கத்துக்கும் மரணத்துக்கும் உள்ள வேறுபாடாகும். இலங்கை, இந்திய ஆங்கிலத்திலோ 'பாஸ் அவுற்' என்பது பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வெளியேறுதலையும் குறிக்கும். பிரித்தானியாவிலும் படைப் பயிற்சிக் கல்லூரிகளில் இப்பொருள் உண்டு. ஆயினும், தம் மகள் சென்ற ஆண்டு 'பாஸ் அவுற்' ஆனாள் என்று ஒரு தந்தை மகிழ்ச்சியோடு கூறினால், அங்குள்ள அயலவர் முதலில் இரங்கவே முற்படுவார்.

ஆங்கிலத்தில் இந்த இருவகைப் பேச்சு எவ்வாறு தோன்றியது என்பதை அறிய அம்மொழியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இச்சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டி நின்றன. 'ஓவர்கம்', 'வித்ஸ்ராண்ட்', 'அண்டர்ஸ்ராண்ட்' முதலிய சொற்கள் அந்நிலையின் எச்சங்கள். 'வித்' என்பது அக்காலத்தில் எதிர் என்னும் பொருள் உடையது. ஆகவேதான் 'வித்ஸ்ராண்ட்' என்பது எதிர்த்து நிற்றலைக் குறிக்கின்றது. காலப்போக்கில் இம்முன்னொட்டுகள் வலுவிழந்தன. சிறுசொற்கள் வினைக்குப் பின்னால் தனித்து நிற்கும் வழக்கம் பெருகியது. வட கடலைக் கடந்து வந்து குடியேறிய ஸ்கந்திநேவியரின் மொழியும் இவ்வழக்கத்துக்கு உரமூட்டியது என்று அறிஞர் பலர் கருதுவர். பீற்றர்பறோ மடத்தில் எழுதப்பட்ட ஆங்கில நாளாகமத்தின் இறுதிப் பகுதி 1154ஆம் ஆண்டு வரையான செய்திகளைக் கூறுகிறது. 'கிவ் அப்' என்னும் தொடர்வினையை அப்பகுதியிலேயே காணலாம்.

இதற்கிடையில் 1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி செய்தது. திருச்சபையும் கல்விக்கூடமும் இலத்தீனைப் போற்றின. அடுக்களையிலும் வயலிலும் பட்டறையிலும் உழைத்த மக்கள் தங்கள் பழைய குறுவினைகளையும் சிறுசொற்களையுமே கையாண்டனர். இதன் பயனாக ஒரே கருத்துக்கு இருவகைச் சொற்கள் அமைந்தன. பொறுத்துக்கொள்ளுதல் ஏட்டில் 'ரொலறேற்'. வீட்டில் 'புற் அப் வித்'. ஒத்திவைத்தல் ஏட்டில் 'போஸ்ற்போன்'. வீட்டில் 'புற் ஒஃப்'. தீயை அணைத்தல் ஏட்டில் 'எக்ஸ்ரிங்குவிஷ்'. வீட்டில் 'புற் அவுற்'. ஆராய்தல் ஏட்டில் 'இன்வெஸ்ரிகேற்'. வீட்டில் 'லுக் இன்ரு'. கீழைத் தேசங்களில் ஆங்கிலம் கற்றவர்கள் பாடநூல்கள் வழியாகவும் கந்தோர்க் கடிதங்கள் வழியாகவும் முதல்வகைச் சொற்களையே மிகுதியாகப் பெற்றனர். ஆகவே, கடினமான நூலை எளிதாக வாசிக்கும் ஒருவர், எளிய பேச்சைக் கேட்டுக் கடினப்படுவது வியப்பன்று. அவர் மொழியின் மண்டபத்தை நன்கறிந்தவர். அடுக்களைக்குள் இன்னும் அழைக்கப்படாதவர்.

இத்தொல்லையை ஆங்கிலேயரும் அறியாதவரல்லர். சாமுவேல் ஜோன்சன் 1755ஆம் ஆண்டு வெளியிட்ட பேரகராதியின் முன்னுரையில், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் திரியும் இவ்வழக்கம் வேறெம்மொழியிலும் இல்லாத அளவுக்கு ஆங்கிலத்தில் மிகுந்துள்ளதென்றும், அந்நியர்க்கு மிகுந்த இடர் விளைப்பது இதுவே என்றும் கருத்துத் தெரிவித்துள்ளார். இத்தகைய தொடர்களைத் தேடித் தம் அகராதியில் சேர்ப்பதற்கு அவர் தனிக் கவனம் செலுத்தினார். 'பிறேசல் வேர்ப்' என்னும் பெயரோ மிகப் பிந்தியது. லோகன் பியர்சல் சிமித் என்பவர் 1925ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அதனை ஆண்டு, ஒக்ஸ்போட் அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவராகிய ஹென்றி பிறட்லியிடமிருந்து அப்பெயரைப் பெற்றதாகக் குறிப்பிட்டார்.

இச்சிறுசொற்களின் ஆற்றலுக்கும் அவற்றின் இடருக்கும் சான்றாக ஒரு முயற்சியைக் கூறலாம். சி. கே. ஒக்டன் என்னும் அறிஞர் 1930ஆம் ஆண்டில் 'பேசிக் இங்கிலிஷ்' என்னும் சுருக்க மொழியை வெளியிட்டார். உலகத்தார் எல்லோரும் எளிதில் கற்கத்தக்கதாக 850 சொற்களையே அவர் தெரிந்தெடுத்தார். அவற்றுள் வினைகள் 18 மட்டுமே. கம், கெற், கிவ், கோ, புற், ரேக் முதலிய இவ்வினைகளைத் திசை காட்டும் சிறுசொற்களோடு இணைத்தால் ஏனைய வினைகளின் வேலையை முடித்துவிடலாம் என்பது அவரது துணிபு. கணக்களவில் அது உண்மையே. ஆனால் 'புற்', 'அப்', 'வித்' என்னும் மூன்றையும் தனித்தனியே கற்ற ஒருவர், அம்மூன்றும் கூடினால் 'பொறுத்துக்கொள்' என்றாகும் என்பதைத் தாமாகவே உய்த்துணர முடியாது. ஆகவே பட்டியலில் எண்ணப்படாத பல சொற்களை அவர் மறைவாகக் கற்க வேண்டியவராகிறார். சொல் சில, சேர்க்கை பல என்பதே இங்குள்ள உண்மை.

இனி, இச்சேர்க்கைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் காண்போர் முதலில் தெளிய வேண்டியது ஒன்று. ஒரே சிறுசொல் ஓரிடத்தில் முன்னிடைச்சொல்லாகவும் வேறோரிடத்தில் வினையடையாகவும் நிற்கும். 'ஹி றான் அப் எ ஹில்' என்பது அவன் ஒரு குன்றின்மேல் ஓடினான் எனப் பொருள்படும். 'ஹி றான் அப் எ பில்' என்பதோ அவன் கடைக்கணக்கை ஏறவிட்டான் எனப் பொருள்படும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே உள்ளன. முதலாவதில் 'அப்' என்பது குன்றோடு சேர்ந்து இடத்தை உணர்த்துகின்றது, அது முன்னிடைச்சொல். இரண்டாவதில் அது வினையோடு சேர்ந்து வினையின் பொருளையே மாற்றுகின்றது, அது வினையடை.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய சோதனைகள் உண்டு. முதலாவது சோதனை, செயப்படுபொருளின் இடம். 'புற் ஒன்' என்றால் உடுத்துதல். 'புற் ஒன் த கோட்' என்றும் கூறலாம். 'புற் த கோட் ஒன்' என்றும் கூறலாம். ஆனால், கோட்டுக்குப் பதிலாக 'இற்' என்னும் பதிலிடு பெயர் வந்தால் அது நடுவிலேயே நிற்க வேண்டும்: 'புற் இற் ஒன்'. 'புற் ஒன் இற்' என்பது வழு. முன்னிடைச்சொல்லோ இவ்வாறு நகராது. 'லுக் ஆஃப்ரர்' என்றால் பராமரித்தல். குழந்தையைப் பராமரிப்பது 'லுக் ஆஃப்ரர் த சைல்ட்'. அவனைப் பராமரிப்பது 'லுக் ஆஃப்ரர் ஹிம்'. இங்கே 'ஹிம்' நடுவில் புகுதல் கூடாது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடுதல் 'லுக் அப்'. அதனைத் தேடு என்பது 'லுக் இற் அப்'. 'லுக்' ஒன்றே இருவகையிலும் நிற்பதைக் காண்க.

இரண்டாவது சோதனை, இடையில் வேறொரு வினையடை புகுமா என்பது. 'ஹி லுக்ட் கெயர்ஃபுலி அற் த லெற்றர்' என்று, கவனமாக என்னும் சொல்லை வினைக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் நடுவில் வைக்கலாம். 'கிவ் அப்' போன்ற சேர்க்கையின் நடுவில் அவ்வாறு வேறு அடைமொழி புக இடமில்லை. மூன்றாவது சோதனை செவிக்குரியது. முன்னிடைச்சொல்லை ஆங்கிலேயர் மெலிதாக உச்சரித்துக் கடந்துவிடுவர். வினையடையையோ அழுத்திக் கூறுவர். 'லுக் அற் இற்' என்பதில் ஓசை 'லுக்' மேல் விழும். 'லுக் இற் அப்' என்பதில் ஓசை 'அப்' மேல் ஏறும். அச்செழுத்தில் காணாத இவ்வேறுபாட்டை வானொலி கேட்போர் எளிதில் பற்றிக்கொள்ளலாம்.

வினையடையும் முன்னிடைச்சொல்லும் அடுத்தடுத்து வந்து மூன்று உறுப்புகளாக அமையும் தொடர்களும் பல. 'கெற் ஒன் வித்' ஒருவரோடு ஒத்துப்போதல். 'றன் அவுற் ஒவ்' ஒரு பொருள் கையிருப்பில் தீர்ந்துபோதல். 'டூ அவே வித்' ஒழித்துவிடுதல். இவற்றில் செயப்படுபொருள் எப்போதும் இறுதியிலேயே வரும். இவ்வினத்தைச் சேர்ந்த 'லுக் ஃபோவர்ட் ரு' என்பது கடிதம் எழுதுவோரை அடிக்கடி வழுக்கி விழச் செய்வது. மகிழ்ச்சியோடு எதிர்பார்த்தல் என்பது இதன் பொருள். 'ரு' என்பதைக் கண்டதும் பலர் அதனைச் செயவெனெச்சத்தின் அடையாளமாகக் கொண்டு 'ரு சீ யூ' என எழுதுவர். இங்கே அது முன்னிடைச்சொல். அதன்பின் பெயர்த்தன்மையுள்ள சொல்லே வருதல் வேண்டும். ஆகவே 'ரு சீயிங் யூ' என்பதே திருத்தம். எதிர்பார்ப்பது 'பார்க்க' அன்று, 'பார்த்தலை' என்று எண்ணிக்கொண்டால் இவ்விதி மறவாது.

சிறுசொற்கள் தரும் பொருள் கட்டுக்கடங்காதது போலத் தோன்றினும், அதில் ஓர் ஒழுங்கு உண்டு. 'அப்' என்பதன் முதற்பொருள் மேல்நோக்குதல். பாத்திரத்தில் நீர் மேலேற மேலேற அது நிறைகின்றது. நிறைவு எய்துதல் என்னும் கருத்து அதிலிருந்து கிளைக்கின்றது. ஆகவே 'ஈற் அப்' என்றால் மிச்சமின்றி உண்ணுதல், 'டிறிங்க் அப்' என்றால் முழுதும் குடித்தல். 'டவுண்' கீழ்நோக்குதல், அதிலிருந்து குறைதல், நின்றுபோதல், தாளில் பதித்தல் ஆகிய கருத்துகள் பிறக்கின்றன. வாகனம் பழுதாகி நிற்பது 'பிறேக் டவுண்'. குறித்துக்கொள்வது 'றைற் டவுண்'. 'ஒன்' என்பது தொடர்ச்சியைத் தரும். 'கறி ஒன்', 'கோ ஒன்' என்பன தொடர்ந்து செய்தலைக் குறிக்கும். 'ஒஃப்' பிரிவைத் தரும். 'அவுற்' மறைந்திருந்ததை வெளிக்கொணரும். 'ஃபைண்ட் அவுற்' கண்டறிதல். விளக்கைப் 'புற் அவுற்' செய்யும்போதோ, இருந்தது இல்லாமற் போகின்றது.

எனினும் இவ்வொழுங்கை அளவுகடந்து நம்புதலும் தவறு. வீடு எரிந்து தரைமட்டமானால் 'பேண் டவுண்'. கடதாசி எரிந்து இல்லாமற் போனால் 'பேண் அப்'. படிவத்தை நிரப்புதல் 'ஃபில் இன்' என்றும் 'ஃபில் அவுற்' என்றும் கூறப்படும். உள்ளும் வெளியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. வேகத்தைக் குறைத்தல் 'ஸ்லோ டவுண்'. சில வேளைகளில் 'ஸ்லோ அப்' என்பதும் அதே பொருளைத் தரும். விதி வழிகாட்டும், முடிவு கூறுவது வழக்கே.

தமிழர்க்கு இந்நிலை முற்றிலும் புதியதன்று. ஆங்கிலம் சிறுசொற்களைக்கொண்டு செய்யும் வேலையைத் தமிழ் துணைவினைகளைக்கொண்டு செய்கின்றது. எழுதினான், எழுதிவிட்டான், எழுதிக்கொண்டான், எழுதிவைத்தான், எழுதிக்கொடுத்தான், எழுதித்தள்ளினான் என்பவற்றை நோக்குக. செயல் ஒன்றே, ஆனால் முடிவு, தற்பயன், முன்னேற்பாடு, பிறர்பயன், விரைவு எனக் கருத்துகள் வேறு வேறு. 'எழுதிவிட்டான்' என்பதில் எதனையும் விட்டதில்லை. 'எழுதித்தள்ளினான்' என்பதில் எதனையும் தள்ளியதில்லை. 'கிவ் இன்' என்பதைத் தமிழில் 'விட்டுக்கொடு' என்போம். விடுதலையும் கொடுத்தலையும் மட்டும் அறிந்த ஓர் ஆங்கிலேயர் அதன் பொருளைக் காண எவ்வளவு திகைப்பாரோ, அவ்வளவே 'கிவ் இன்' கேட்ட தமிழரின் திகைப்பும். 'ஈற் அப்' என்பதைச் 'சாப்பிட்டுவிடு' என்றும், 'கிவ் அப்' என்பதைக் 'கைவிடு' என்றும் உணர்ந்துகொண்டால், மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல்லாக இல்லாமல் தொடருக்குத் தொடராக அமையும். அதுவே சரியான நெறி.

சிறுசொல் இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதையும் மறத்தலாகாது. 'லுக் ஓவர்' என்றால் ஒரு பத்திரத்தைப் பார்வையிடுதல். 'ஓவர்லுக்' என்றால் கவனியாது விட்டுவிடுதல், அல்லது குற்றத்தைப் பொருட்படுத்தாது விடுதல். கணக்கேட்டைப் பார்வையிடுமாறு மேலதிகாரி பணித்ததை மாறாக விளங்கிக்கொள்ளும் எழுதுவினைஞர், செய்ய வேண்டியதற்கு நேர்மாறானதைச் செய்தவராவார். அவ்வாறே 'ஹோல்ட் அப்' தாமதப்படுத்துதல், 'அப்ஹோல்ட்' ஆதரித்து நிலைநிறுத்துதல். 'செற் அப்' நிறுவுதல், 'அப்செற்' குலைத்தல். தீர்ப்பொன்று 'ஹெல்ட் அப்' ஆனது என்பதற்கும் 'அப்ஹெல்ட்' ஆனது என்பதற்கும் உள்ள தூரத்தை வழக்காளி நன்கறிவார்.

இலங்கையில் வழங்கும் ஆங்கிலத்தில் சிறுசொற்கள் சில வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன; வேண்டிய இடத்தில் வினை உதிர்ந்துவிடுகின்றது. சமாளித்தல் என்னும் பொருளில் 'கோப் அப் வித்' என்பர். 'கோப் வித்' என்பதே ஏட்டு வழக்கு. 'டிஸ்கஸ்' என்னும் வினை தானே ஒன்றைப் பற்றிப் பேசுதல் என்று பொருள்படுவதால், அதன்பின் 'அபவுற்' மிகை. 'லைற்றை ஒஃப் பண்ணு' என்று தமிழில் பேசிப் பழகியவர் ஆங்கிலத்திலும் 'ஒஃப் த லைற்' என்று 'ஒஃப்' ஒன்றையே வினையாக்கிவிடுவர். 'ஸ்விச் ஒஃப்' என்பதில் வினை வேறு, துணை வேறு. ஒரு நாட்டுப் பேச்சில் இவ்வாறு புதுவழக்குகள் தோன்றுதல் இயல்பே. அதனை இழிவென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பரீட்சைத்தாளிலும் அயல்நாட்டுப் பணியிடத்திலும் எது ஏற்கப்படும் என்பதை அறிந்திருத்தல் நன்று.

இவற்றைக் கற்கும் வழி யாதெனில், நீண்ட பட்டியலை மனனஞ் செய்வதன்று. 'கெற்' என்னும் வினையின் கீழ் முப்பது சேர்க்கைகளை ஒரே நாளில் நெட்டுருச் செய்தவர், மறுநாள் அவற்றை ஒன்றோடொன்று மயக்குவார். ஒவ்வொரு சேர்க்கையையும் தனிச்சொல்லாக மதித்து, ஒரு முழு வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். செயப்படுபொருள் நடுவில் வருமா, இறுதியில் வருமா என்பதைப் பக்கத்தில் குறித்தல் வேண்டும். அதற்கு நேரான தமிழ்த் துணைவினைத் தொடர் கிடைக்குமாயின் அதனையும் எழுதலாம். இத்தகைய அமைப்புகளை விளக்கும் கற்போர் அகராதிகளும் உள்ளன. ஏ. எஸ். ஹோண்பி முதலானோர் யப்பானிய மாணவர்க்காக ஆக்கி 1942ஆம் ஆண்டில் தோக்கியோவில் வெளியிட்டதும், 1948ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் பதிப்பகத்தார் மீண்டும் வெளியிட்டதுமான அகராதி இவ்வகையில் முன்னோடி. ஒவ்வொரு வினையும் எவ்வமைப்பில் வழங்கும் என்பதை அந்நியர்க்குக் காட்டுவதே அதன் நோக்கம். எல்லாவற்றிலும் மேலாகச் செவியைப் பழக்குதல் வேண்டும். உயிருள்ள உரையாடலிலும் செய்தியிலும் நாடகத்திலும் இச்சிறுசொற்கள் தம் இயல்பான இடத்தில், இயல்பான அழுத்தத்தோடு ஒலிக்கின்றன.

பெருஞ்சொற்களைப் புறக்கணித்தல் வேண்டும் என்பதன்று இதன் கருத்து. அரசாங்கக் கடிதத்துக்கும் ஆய்வுரைக்கும் அவை தக்கவை. ஆனால் நோயாளியின் முறையீடும், தொழிலாளியின் எச்சரிக்கையும், அயல்வீட்டாரின் ஆறுதலும் பெருஞ்சொற்களில் வருவதில்லை. அவை குறுவினைகளிலும் அவற்றின் சிறு துணைகளிலும் வருகின்றன. அவற்றை விளங்கிக்கொள்பவரே ஆங்கிலம் பேசும் மனிதரை விளங்கிக்கொள்பவர்.